கப்பலில் வந்த அரிசி

எங்கள் வீட்டு உத்தரத்தில் ஒரு விதைக்கோட்டை தொங்கிக்கொண்டிருந்தது. விதைநெல்லை நன்றாகக் காயவைத்து, வைக்கோல் புரிக்குள் கொட்டிச் சுற்றி, உருண்டையாக இறுக்கிக் கட்டி, மேலே சாணி மெழுகி, எலிக்குப் பயந்து கயிற்றில் தொங்கவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அப்படிக் கட்டின கோட்டையை விதைக்கிற அன்றைக்குத்தான் அறுப்பார்கள். நடுவில் அறுத்துவிட்டால் ஈரக்காற்று உள்ளே போய்விடும் என்பார்கள். அதற்குப் பிறகு அது விதை இல்லை, வெறும் நெல். குத்திச் சோறாக்கலாம், அவ்வளவுதான்.

அந்த வருஷம் அது ஒன்றுதான் மிச்சம். கூட இருந்த கோட்டையை அப்பா ஐப்பசியில் நாற்றங்காலில் பாவினார். நாற்று விரல் உயரம் வந்து நின்றது. கார்த்திகையில் வாய்க்கால் வற்றியது. பச்சை மஞ்சளாகி, மஞ்சள் வைக்கோலாகிப் போனதை நாங்கள் எல்லோரும் வரப்பில் நின்று பார்த்தோம்.

எங்களுக்கு நிலம் கொஞ்சம் சொந்தம், கொஞ்சம் கோயில் குத்தகை. அடுத்த தண்ணீர் வரும்போது விதைக்காமல் போட்டால் குத்தகை வேறு கைக்குப் போய்விடும். அதனால் வீட்டில் எது தீர்ந்தாலும் அந்தக் கோட்டையை மட்டும் தொடக்கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். போகும்போதும் வரும்போதும் அதை உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டுவார், உழவு மாட்டைத் தட்டிக்கொடுக்கிற மாதிரி.

எங்கள் ஊர் ஆத்தூருக்குக் கிழக்கே, ஆறு கடலில் சேருவதற்குக் கொஞ்சம் முன்னால், வாய்க்காலின் கடைமடையில் இருக்கிறது. மேலே உள்ள ஊர்களெல்லாம் குடித்து மிச்சம் விட்ட தண்ணீர்தான் எங்களுக்கு. நல்ல வருஷத்தில் அதுவே முழங்கால் அளவுக்கு நிற்கும். மோசமான வருஷத்தில் வாய்க்காலுக்குள் ஆடு மேயும். கிணற்றை நம்பலாம் என்றால் கடல் பக்கத்தில் இருக்கிறது. கோடை பிறந்தால் கிணற்றுத் தண்ணீர் கரித்துப்போய்ப் பருப்புக்கூட வேகாது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைக் கடைசி வகுப்பு வரைக்கும் பார்த்தவன் நான் ஒருவன்தான். அதனால் தூத்துக்குடி புதுத் துறைமுகத்தில் ஒரு வேலை கிடைத்திருந்தது. கப்பலில் ஏறுகிற, இறங்குகிற மூட்டைகளுக்குக் கணக்கு எழுதுவது. கப்பல் வந்தால் வேலை, வராவிட்டால் வீடு. அப்பா ஊரில் எல்லோரிடமும் "மவன் ஹார்பர்ல இருக்கான்" என்று சொல்லுவார். சம்பளம் என்ன என்று யாராவது கேட்டால் கப்பல் எவ்வளவு நீளம் என்று பேச ஆரம்பித்துவிடுவார்.

அந்த வருஷம்தான் எனக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. என் மனைவி சாத்தான்குளத்துக்கு மேற்கே, பனையும் செம்மண்ணுமாகக் கிடக்கிற பக்கத்துப் பெண். எங்களுக்குத் தூரத்துச் சொந்தம். அவளுடைய அப்பாவுக்கு மானாவாரிக் காடு உண்டு. மழை பெய்தால் விதைப்பு. கம்பு, காணம், குதிரைவாலி. பெய்யாவிட்டால் பனையைப் பார்த்துக்கொண்டு இருக்கவேண்டியதுதான். பெண் கேட்டுப் போனபோது அந்த ஊரில் ஒருவர், பையனுக்கு நிரந்தர வேலைகூட இல்லையே, இவ்வளவு தூரத்தில் கொடுக்கவேண்டுமா என்று அவரிடம் எங்கள் காதுபடவே கேட்டார். என் மாமனார் யோசிக்கவே இல்லை.

"வேல கெடக்கட்டும். ஆத்துப் பாசனம்லா. எம்மவ தெனமும் சோறு திங்கும்."

எங்கள் பக்கத்தில் சோறு என்றால் அது நெல்லுச்சோறுதான். மற்றதெல்லாம் கஞ்சி, கூழ், களி. அவர் வீட்டில் நெல்லுச்சோறு பொங்குவது பொங்கலுக்கும் தீபாவளிக்கும் கோயில் கொடைக்கும்தான். தன் மகள் அதைத் தினமும் சாப்பிட வேண்டும் என்பது அந்த மனிதருக்கு ஒரு ஆசையாக இருந்தது. எனக்கு அது அன்றைக்கு வேடிக்கையாகப் பட்டது. சோறு ஒரு ஆசையாக இருக்க முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

தலைத்தீபாவளிக்கு அங்கே போயிருந்தோம். எனக்கு இலை போட்டுச் சோறு பரிமாறிவிட்டு, மாமனார் அடுக்களைப் பக்கம் போய் மகளிடம் மெல்லக் கேட்டார், அங்கே தினமும் சோறுதானா என்று. "தெனமும் சோறுதாம்ப்பா, சமயத்துல தெவட்டுது" என்றாள் அவள். அவர் திரும்பி வந்தபோது முகமே வேறு மாதிரி இருந்தது. கிளம்பும்போது அவள் ஒரு பழைய வேட்டித் துண்டில் குதிரைவாலி விதை கொஞ்சம் முடிந்து எடுத்துக்கொண்டாள். எதற்கு என்று கேட்டேன். "சும்மா, கையில இருக்கட்டும்" என்றாள். அவர்கள் பக்கத்துப் பெண்கள் வெறுங்கையோடு எங்கேயும் போகமாட்டார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன்.

நாற்று காய்ந்த பிறகு கார்த்திகைக் கடைசியில் ஒரு மழை பெய்தது. நெல்லுக்குப் பற்றாது. வயல் நனைந்து, உழுதால் மண் உதிரும் அளவுக்கு ஒரு ஈரம். அன்றைக்குச் சாயங்காலம் என் மனைவி அந்த முடிச்சை எடுத்து என் அம்மா முன்னால் வைத்தாள். இதைப் போட்டால் மாசியில் அறுக்கலாம், நடுவில் ஒரு தூறல் விழுந்தால் போதும், விழாவிட்டாலும் பனி இருக்கிறது என்றாள்.

அப்பாவுக்கு நம்ப முடியவில்லை. காரணம் உண்டு. குதிரைவாலிப் பயிரும் நெல் வயலில் முளைக்கிற ஒரு களைப்புல்லும் பார்க்க அக்கா தங்கை மாதிரி இருக்கும். அப்பாவும் அம்மாவும் பிறந்ததிலிருந்து அந்தப் புல்லைப் பிடுங்கிப் பிடுங்கி வரப்பில் எறிந்தவர்கள்.

"நஞ்சையில புல்ல வெதைக்கச் சொல்லுதா ஒம் பொண்டாட்டி" என்றார் என்னிடம்.

நான் எனக்குத் தெரிந்ததையெல்லாம் எடுத்துச் சொன்னேன். குறைந்த நாளில் விளைகிற பயிர், வறட்சியைத் தாங்குகிற தானியம், ஒரே பயிரை நம்பியிருப்பதில் உள்ள ஆபத்து. ரேடியோவில் சாயங்காலம் விவசாயிகளுக்குப் பேசுவதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அந்த நடை வந்திருந்தது. அப்பா கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "செய்திகள் முடிந்தன" என்றார். அம்மா சிரித்தாள். மறுநாள் காலையில் பார்த்தால் அப்பா ஏர் பூட்டிக்கொண்டு நின்றார். என் பேச்சுக்காக இல்லை. வெறும் வயலைத் தை மாசம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க அவரால் முடியாது.

பயிர் வந்தது. அழகாகவே வந்தது. ஒரு நாள் அம்மா சும்மா பார்த்துவிட்டு வருகிறேன் என்று வயலுக்குப் போனாள். வெகுநேரமாக ஆளைக் காணவில்லை என்று நானும் என் மனைவியும் போனோம். அம்மா குனிந்து தன் பாட்டுக்குப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். ஒரு பாத்தி அளவுக்குக் குதிரைவாலி வேரோடு வரப்பில் கிடந்தது. களை எடுத்தே பழகின கை. புல்லைக் கண்டதும் அதுவாகவே வேலையை ஆரம்பித்துவிட்டது. எங்களைப் பார்த்ததும்தான் அம்மாவுக்கு நினைவு வந்தது. கையில் இருந்த பயிரைக் கீழே போடவும் முடியாமல், வைத்திருக்கவும் முடியாமல் நின்றாள். என் மனைவி கிட்டே போய், "நெருக்கமாத்தான் போட்டுட்டோம் அத்த, கலைச்சு விடணும்னு நானே நெனச்சேன்" என்றாள். அவள் அப்படி ஒன்றும் நினைக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரிந்திருக்கும். அன்றையிலிருந்து அம்மா அவளை "ஏளா" என்று கூப்பிடுவதை விட்டு "மக்கா" என்று கூப்பிட ஆரம்பித்தாள்.

தை முடிவதற்குள் பானையில் அரிசி தீர்ந்துவிட்டது. ஆத்தூர்க் கடையில் வாங்கலாம் என்றால் எனக்குக் கப்பல் இல்லை. மாசியில் குதிரைவாலி அறுத்தோம். அதிகம் இல்லை. ஆனால் பார்த்துச் செலவழித்தால் கோட்டையைத் தொடாமல் ஓட்டிவிடலாம்.

பிரச்சினை அதற்குப் பிறகுதான் வந்தது. எங்கள் ஊர் நெல்லு ஊர். குதிரைவாலிக் கஞ்சி குடிக்கிற வீடு என்று பேர் எடுத்தால், அதற்குப் பிறகு அந்த வீட்டில் பெண் எடுக்கமாட்டார்கள் என்பது மாதிரி ஒரு பயம் எல்லோருக்கும் இருந்தது. அதனால் அம்மா மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் தெருக்கதவைச் சாத்திவிடுவாள். உமி நீக்க உரலில் குத்தவேண்டும், சத்தம் கேட்கும். நெல்லை மில்லில் கொடுக்கிற காலத்தில் எதற்குக் குத்துகிறீர்கள் என்று எதிர்வீட்டு அத்தை ஒரு நாள் வாசலில் நின்று கேட்டாள். அம்மா கொஞ்சமும் தயங்காமல், கைக்குத்தல் அரிசிதான் உடம்புக்கு நல்லது என்று படித்த பையன் சொல்கிறான் என்றாள். நான் அப்படி எதுவும் சொல்லவில்லை. ஆனால் அந்த வாரத்துக்குள் எதிர்வீட்டிலும் உரல் சத்தம் கேட்டது. அடுத்து பக்கத்து வீட்டில். தெரு முழுக்க உடம்பைப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டது.

மத்தியானம் ஆனால் ஒவ்வொரு கதவாகச் சாத்துகிற சத்தம் கேட்கும். என் மனைவி அடுப்படியில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

"ஒங்க ஊர்ல எல்லாருக்கும் ஒரே நேரத்துல வெயில் சுடுமோ" என்றாள் ஒரு நாள்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. அடுத்த வீட்டில் சோளமாக இருக்கலாம், அதற்கு அடுத்த வீட்டில் ரேஷன் கோதுமையாக இருக்கலாம். யாரிடமும் அரிசி இல்லை. எல்லோரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒரே காரியத்தைச் செய்துகொண்டிருந்தோம். அம்மாவிடம் சொன்னேன். அவளுக்கும் தெரியும்தான். "தெரிஞ்சா என்ன, தெறந்து போட்டா திங்க முடியும்?" என்றாள்.

என் மனைவிக்கு வேறு ஒரு மறைப்பு இருந்தது. அவளுடைய ஊர்க்காரர்கள் யாராவது ஆத்தூர்ச் சந்தைக்கு வந்தால், அவர்களிடம் வீட்டுக்குச் சொல்லி அனுப்புவாள். எல்லாம் நல்லபடி, சோத்துக்குக் குறைவில்லை, அப்பாவிடம் சொல்லுங்கள் என்று. குதிரைவாலியைச் சாப்பிடுவதில் அவளுக்கு எந்த வருத்தமும் இல்லை. எங்களைவிட ருசித்துச் சாப்பிடுவாள். அவளுடைய அப்பாவின் அந்த ஒரு ஆசை உடைந்துவிடக்கூடாது, அவ்வளவுதான்.

பங்குனியில் அவள் நாலு மாசமாக முழுகாமல் இருக்கிறாள் என்று உறுதியானது. நாங்கள் அந்தச் செய்தியையும் அதேபோல் சந்தைக்கு வந்தவரிடம்தான் சொல்லிவிட்டோம். சொல்லிவிடும்போது அதனால் என்ன ஆகும் என்று யாருமே யோசிக்கவில்லை.

ஒரு நாள் மத்தியானம். கதவு சாத்தியிருந்தது. அப்பா அப்போதுதான் சாப்பிட்டு எழுந்திருந்தார். வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். அம்மா கிண்ணங்களையெல்லாம் அவசரமாக அடுக்களைக்குள் தள்ளினாள். நான் கதவைத் திறந்தேன். என் மாமனார் நின்றார். சலவை வேட்டி, தோளில் துண்டு, கையில் ஒரு ஓலைப்பெட்டி நிறையக் கருப்பட்டி. பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருப்பார் போல, முகமெல்லாம் புழுதி.

"மாப்ள, நேரங்கெட்ட நேரத்துல வந்துட்டனோ" என்றார்.

அப்பா ஓடிவந்து கையைப் பிடித்து உட்காரவைத்தார். கால் கழுவத் தண்ணீர் கொடுத்தோம். மகள் வந்து கும்பிட்டாள். அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். மெலிந்திருக்கிறாளா என்று பார்த்தார் என்று நினைக்கிறேன். இல்லை. அவளுக்குக் கன்னத்தில் சதைகூட வைத்திருந்தது.

அம்மா எனக்குக் கண்ணைக் காட்டினாள். நான் அடுக்களைக்குப் போனேன். அப்பாவும் ஏதோ எடுக்கிற மாதிரிப் பின்னால் வந்தார். சம்மந்தி வீட்டுக்கு வந்திருக்கிறார், அதுவும் மகள் உண்டாகியிருக்கிறாள் என்று கேட்டு வந்திருக்கிறார். அவருக்குச் சோறு போடாமல் அனுப்ப முடியாது. எதிர்வீட்டில் கேட்கலாம் என்றால் அங்கே என்ன இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். கடைக்கு ஓடலாம் என்றால் நெல்லு ஊர்க் கடையில் அரிசி விற்கமாட்டார்கள். வாங்க ஆள் கிடையாது. ஆத்தூர் வரை போய் வந்தால் பொழுது சாய்ந்துவிடும்.

அம்மா உத்தரத்தைப் பார்த்தாள். சத்தம் வெளியே போகாமல் சொன்னாள், கோட்டையை அறுத்துவிடுங்கள் என்று. அப்பா மரத்தூணில் சொருகியிருந்த அரிவாளை எடுத்தார். எடுத்தவர் அங்கேயே நின்றார். எனக்கு அவருடைய கை ஞாபகம் இருக்கிறது. தட்டிக்கொடுக்கிற அந்தக் கைதான்.

என் மனைவி கதவோரம் வந்து நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை.

"அறுக்காதீய மாமா" என்றாள். "எங்க அப்பாவோட ஒரு நேரச் சோத்துக்கு நம்ம ஒரு போக வெளைச்சலயே அறுக்கணுமா?"

அப்பா அவளைப் பார்த்தார். "அந்த மனுசன் சோத்துக்காவத்தாம்ளா ஒன்ன எங்களுக்குக் குடுத்தாரு" என்றார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனால் அசையவில்லை. அம்மாதான் வழி கண்டுபிடித்தாள். குதிரைவாலி இருக்கிறது. நன்றாகத் தீட்டினால் வெள்ளையாகத்தான் இருக்கிறது. கூடுதலாகக் களைந்து, உதிரி உதிரியாக வடித்து, இலையில் போட்டவுடனே குழம்பைத் தாராளமாக ஊற்றிவிட்டால் யாருக்குத் தெரியும்? சன்ன ரக அரிசி என்று சொன்னால் போகிறது. அம்மா இதை நிஜமாகவே நம்பினாள். அப்பாவும் நம்பினார். நானும்தான். நாங்கள் ஒரு மாசமாக அதைச் சோறு என்று நினைத்தே தின்று பழகியிருந்தோம். பிறந்ததிலிருந்து அந்தத் தானியத்தை விதைத்து, அறுத்து, குத்தி, தின்றே வளர்ந்த ஒரு மனிதருக்கு முன்னால் அதையே வைத்து வேறு பேர் சொல்லப்போகிறோம் என்பது எங்கள் மூன்று பேருக்குமே தோன்றவில்லை. தோன்றியது ஒருத்திக்குத்தான். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்து, அப்பா அரிவாளைத் திரும்பத் தூணில் சொருகுவதைப் பார்த்து, பேசாமல் அடுப்பைப் பற்றவைத்தாள்.

வாழையிலை போட்டோம். முருங்கைக்காய்க் குழம்பு, அகத்திக்கீரை, சுட்ட அப்பளம். அம்மா சோற்றை வைத்த கையோடு குழம்பை ஊற்றினாள். வயலில் மடை திறந்த மாதிரி இருந்தது. மாமனார் பிசைந்தார். ஒரு வாய் வைத்தார். மென்றார். மெல்லுவது நின்றது.

அம்மா இன்னும் ஒரு கரண்டி குழம்பை அள்ளி வைத்துக்கொண்டு நின்றாள்.

அவர் தலை நிமிரவில்லை. திரும்ப மென்று விழுங்கினார். அடுத்த வாய் எடுத்தார். அதற்கடுத்தது. இலையைப் பார்த்துக்கொண்டே, "அரிசி நல்லாருக்கே. என்ன ரகம் சம்மந்தி?" என்றார்.

அப்பா இதற்குத் தயாராக இல்லை. அவருக்கு நெல் ரகம் ஒரு கூடை தெரியும். அந்த நேரத்தில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. என்னைப் பார்த்தார். பார்த்ததும் வழி கிடைத்துவிட்டது போல. "இது புது ரகம் சம்மந்தி. கப்பல்ல வந்தது. மவன் ஹார்பர்ல இருக்காம்லா."

மாமனார் என் பக்கம் திரும்பினார். "கப்பல்லயா மாப்ள?"

"ஆமா மாமா" என்றேன். எனக்குக் காது சுட்டது.

"பெரிய கப்பலோ?"

"பெருசுதான் மாமா."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். இன்னொரு தடவை வாங்கிச் சாப்பிட்டார். மோருக்கும் வாங்கினார். அவர் சாப்பிட்ட விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. ஒரு பருக்கைகூட விடவில்லை. இலையை மடித்துவிட்டு, கையை இலைக்கு மேலேயே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

"இந்தக் கப்பல் எங்க ஊருக்கும் வரும் சம்மந்தி" என்றார். "வருசா வருசம் பொரட்டாசி மழைக்கு வந்துரும்."

அடுக்களைக்குள் ஒரு கரண்டி விழுந்தது.

அவர் அப்பாவின் முகத்தைப் பார்க்காமல், தன் கையைப் பார்த்துக்கொண்டே மேலே சொன்னார். வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் நின்று வந்தாராம். ஆத்தூர் வரைக்கும் பச்சை தெரிந்ததாம். அதற்கு இங்கிட்டு வயலெல்லாம் வெடித்துக் கிடந்ததாம். இப்படித்தான் இருக்கும் என்று ஊரிலேயே நினைத்து ஒரு மூட்டை கட்டிக்கொண்டு வந்தாராம். வந்து இறங்கின பிறகு, நெல்லு ஊருக்குள் இதை எப்படித் தூக்கிக்கொண்டு போவது, சம்மந்தி வீட்டைக் குறைத்த மாதிரி ஆகிவிடாதா என்று வெட்கமாகிவிட்டதாம்.

"டீக்கடை அண்ணாச்சிகிட்ட எறக்கி வச்சிருக்கேன். இதே ரகந்தான்" என்றார்.

அப்பா சிரிக்க ஆரம்பித்தார். முதலில் தோள்தான் குலுங்கியது. அப்புறம் சத்தமாக. அம்மா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். என் மாமனாரும் சிரித்தார், ஆனால் அவர் கண் அடுக்களை வாசலில் இருந்தது. அங்கே என் மனைவி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் சிரிக்கவில்லை.

"பொய் சொல்லிட்டேம்ப்பா" என்றாள்.

"போட்டும்" என்றார் அவர். "நல்லாத்தான வச்சிருக்காவ. வேற என்ன வேணும்."

அப்பா எழுந்துபோய்த் தெருக்கதவை அகலத் திறந்தார். வெயில் உள்ளே வந்து விழுந்தது. "ஏலே, போய் அந்த மூட்டைய எடுத்துட்டு வா. கொல்லப்பக்கமா வராத, தெரு வழியா வா" என்றார் என்னிடம்.

தெரு வழியாகத்தான் வந்தேன். டீக்கடை அண்ணாச்சி தோளில் ஏற்றிவிட்டார். முழுக்கச் சாத்தியிருந்த தெருவில் எங்கள் வீடு ஒன்று மட்டும் திறந்து கிடந்தது. மூட்டையில் ஒரு சின்ன ஓட்டை. நான் நடந்த வழியெல்லாம் மணி சிந்திக்கொண்டே வந்திருக்கிறது. கோழிகள் பின்னாலேயே வந்தன. அந்தக் கோழிச் சத்தத்தில் ஒவ்வொரு கதவாகக் கொஞ்சம் திறந்தது. எதிர்வீட்டு அத்தை வெளியே வந்து என்ன மூட்டை என்று கேட்டாள். நான் சொல்வதற்குள் அப்பா வாசலிலிருந்து, "குதிரவாலி. சம்மந்தி கொண்டாந்தாவ" என்றார், ஊருக்கே கேட்கிற மாதிரி.

அத்தை உள்ளே போனாள். திரும்பி வரும்போது கையில் ஒரு ஓலைக் கொட்டான் இருந்தது. "எங்க வீட்ல சோளந்தான் கெடக்கு. மாத்திக்கிடுவமா? இந்தச் சோளத்தத் தின்னு தின்னு பிள்ளையளுக்கு வவுறு நோவுது" என்றாள் அம்மாவிடம். கைக்குத்தல் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. மாமனார் வந்தவர்களுக்கெல்லாம் அவரே படியால் அளந்து போட்டார், தன் களத்தில் உட்கார்ந்திருக்கிற மாதிரி. விதைக்கு வேண்டும் என்று கேட்டவர்களுக்கு எவ்வளவு ஆழம் போடவேண்டும் என்று அம்மா சொல்லிக்கொடுத்தாள். தவறாமல், முளைத்தால் பிடுங்கிவிடாதீர்கள் என்றும் சொன்னாள்.

கோட்டை தொங்கிக்கொண்டே இருந்தது. ஆனி, ஆடி போய், ஆவணியில் எனக்கு மகள் பிறந்தாள். புரட்டாசியில் மேலே மலையில் நல்ல மழை. ஒரு நாள் காலையில் வாய்க்காலில் நுரையும் சருகுமாகத் தண்ணீர் கடைமடைக்கு வந்து நின்றது. அன்றைக்குத்தான் அப்பா கோட்டையைக் கீழே இறக்கினார். புரியை அறுத்ததும் காய்ந்த நெல்லின் வாசனை வீடு முழுக்கப் பரவியது. ஒரு கை அள்ளி, ஊதிப் பார்த்து, என் மனைவியின் மடியில் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைக்கு முன்னால் காட்டினார். அது கொட்டாவி விட்டது. மேட்டு வயலில் ஒரு பட்டை மட்டும் நெல் பாவாமல் குதிரைவாலிக்கு விட்டார். யாரும் சொல்லவில்லை, அவராகவே விட்டார். அதற்குத் தெருவில் இப்போதும் கப்பலரிசி என்றுதான் பேர்.

மாசியில் நெல் அறுப்பு முடிந்ததும் மாமனாருக்குச் சொல்லி அனுப்பினோம். வந்தார். அம்மா புது அரிசி வடித்திருந்தாள். அவருக்கு இலை போட்டுவிட்டு, பக்கத்திலேயே இன்னொரு இலையைப் போட்டாள். எங்கள் வீட்டில் ஆண்கள் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் பெண்கள் உட்காருவார்கள். அன்றைக்கு அம்மா என் மனைவியைத் தோளைப் பிடித்து அழுத்தி அவள் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தாள். "ஒங்க மவ திங்கிறதப் பாத்துட்டுப் போங்க அண்ணாச்சி" என்றாள்.

அவள் இலையைப் பார்த்தாள். பிறகு அடுக்களைப் பக்கம் எட்டிப் பார்த்து, "அத்த, அந்தப் பானையில கப்பலரிசி இருக்குல்லா, எனக்கு அதுல கொஞ்சம்" என்றாள். பிள்ளை பெற்றதிலிருந்து அவளுக்கு அதன் மேல் ஒரு ருசி.

மாமனாருக்குக் கோபம் வந்துவிட்டது. நிஜமான கோபம். "இதுக்காளா ஒன்ன ஆத்துப் பாசனத்துல கட்டிக் குடுத்தேன்" என்றார். சொல்லிவிட்டு, தன் இலையிலிருந்த சோற்றை ஒரு கை அள்ளி அவள் இலையில் வைத்தார். ஆவி பறந்தது. அவள் அதை எடுத்துச் சாப்பிட்டாள். அவள் விழுங்குகிற வரைக்கும் அவர் தன் இலையைத் தொடவில்லை.